மூன்று சென்ட் நிலமும் மூன்று தலைமுறையும்



அண்மையில் ஒரு திருமணப் பேச்சின் பொருட்டுச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். ஊரின் கிழக்கு ஓரத்தில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அரசு வழங்கிய இலவச மனைகளில் எழுந்த குடியிருப்பு அது. அடுத்தடுத்த மனைகளில் வாழும் இரு குடும்பத்தார் உறவினர்கள். ஒருவர் வீட்டுப் பெண்ணை மற்றவர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதென்று முன்பே வாய்மொழியாக முடிவு செய்திருந்தார்கள். ஆனால் நான் சென்றபோது இரு வீட்டாரும் பேசிக்கொள்வதில்லை. திருமணப் பேச்சும் நின்றுவிட்டது.

காரணத்தை விசாரித்தேன். பிள்ளை வீட்டார் கழிப்பறைக்குக் குழி தோண்டினார்கள். தோண்டிய இடத்திலிருந்து எட்டே அடித் தொலைவில், வேலிக்கு அப்பால், பெண் வீட்டாரின் கிணறு. மழைக்காலம் வந்தது, கிணற்று நீரில் நாற்றம் வந்தது, வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அத்துடன் பகையும் வந்தது.

அவ்வீட்டுப் பாட்டி என்னிடம் கேட்டார்: "ஐயா, நீங்கள் படித்தவர்கள். நீங்களே சொல்லுங்கள். அவர்கள் நிலத்தில் அவர்கள் தோண்டினார்கள். எங்கள் நிலத்தில் நாங்கள் இறைக்கிறோம். குற்றம் யாருடையது?"

எனக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னைத் தொடர்ந்தது. குற்றம் இரு வீட்டாருடையதும் அன்று, அந்த மனைகளை அளந்து கொடுத்த அளவுகோலினுடையது என்றே இப்போது எண்ணுகிறேன். ஒரு நிலப்பரப்பில் எத்தனை வீடுகள் அமையலாம் என்னும் கணக்கு பொறியாளர்க்கும் அதிகாரிகட்கும் மட்டுமே உரியது என்று நாம் கருதி வந்திருக்கிறோம். அக்கணக்கு ஒரு திருமணத்தையே நிறுத்தக்கூடும் என்பதைக் கண்டபின், குடும்பங்களுக்கான இப்பகுதியில் அதனைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமே அன்றோ?

ஒரு சிறு கணக்கு

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நூறு சென்ட் கொண்டது ஓர் ஏக்கர். வீடற்ற ஏழைகளுக்கு இலவச மனைப்பட்டா வழங்குகையில், ஊர்ப்புறத்தில் 3 சென்ட், நகராட்சியில் ஒன்றரை சென்ட், மாநகராட்சியில் 1 சென்ட் என்பதே நம் மாநில வருவாய்த் துறை நெடுங்காலம் கைக்கொண்டு வந்த அளவாகும். 3 சென்ட் என்றால் ஏறத்தாழ 1,307 சதுர அடி. அதாவது 30 அடி அகலமும் 43 அடிக்குச் சற்று மிகுந்த நீளமும் உடைய ஒரு துண்டு நிலம்.

ஓர் ஏக்கரில் பாதைக்கும் பொதுவிடத்திற்கும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கினால் எஞ்சுவது 66 சென்ட். அதில் 22 வீடுகள் அமையும். ஹெக்டேர்க் கணக்கில் கூறினால் ஏறத்தாழ 54 வீடுகள்.

இது மிகுதியா, குறைவா? ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அயல்நாட்டு வரலாறு உதவும். இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் தொழிலாளர்கள் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில் காற்றும் ஒளியுமின்றி வாழ்ந்தனர். அந்நிலையைக் கண்டு மனம் நொந்த ரேமண்ட் அன்வின் என்னும் கட்டடக்கலைஞர், நெருக்கிக் கட்டுவதால் யாதொரு ஆதாயமும் இல்லை என்பதை விளக்கி 1912-இல் ஒரு சிறுநூல் எழுதினார். ஏக்கருக்கு 12 வீடுகள் போதும் என்பது அவர் வாதம். முதல் உலகப் போரின் முடிவில், 1918-இல் வெளிவந்த டியூடர் வால்டர்ஸ் குழுவின் அறிக்கையும் நகரங்களில் ஏக்கருக்கு 12 வீடுகள், நாட்டுப்புறத்தில் 8 வீடுகள் என்று பரிந்துரைத்தது. நகருக்கு ஓர் அளவு, சிற்றூருக்கு வேறோர் அளவு என்று அன்றே பிரித்துக் கண்டதை நாம் கவனித்தல் வேண்டும்.

காலம் மாறிற்று. வீடுகள் பரவிப் பரவி வயல்களை விழுங்குகின்றன என்னும் அச்சம் அந்நாட்டில் எழுந்தது. அதனால் 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், ஹெக்டேருக்கு 30 வீடுகளுக்குக் குறைவாகக் கட்டுவதைத் தவிர்க்குமாறு கூறியது. 2006-இல் அந்த 30 நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச அளவாகக் காட்டப்பட்டது. முன்பு "இதற்கு மேல் கூடாது" என்றிருந்த ஏக்கருக்கு 12 என்பதும், பின்னர் "இதற்குக் குறையக் கூடாது" என்றான ஹெக்டேருக்கு 30 என்பதும் ஏறத்தாழ ஒரே எண்தான். ஒரு தலைமுறைக்கு உச்சவரம்பாக இருந்தது மற்றொரு தலைமுறைக்கு அடித்தளமாயிற்று.

சிற்றூர் மக்கள் இதனை எதிர்த்தனர். தோட்டங்களை உடைத்து வீடுகளைத் திணிப்பதால் ஊரின் இயல்பே கெடுகிறது என்றனர். 2010 ஜூன் மாதத்தில் அந்தக் குறைந்தபட்ச அளவு நீக்கப்பட்டது. தத்தம் பகுதியின் நிலைமைக்கேற்ப உள்ளாட்சிகளே அளவை வகுத்துக்கொள்ளலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

இப்போது நம் கணக்கிற்குத் திரும்புவோம். நாட்டுப்புறத்திற்கு இது மிகுதி என்று இங்கிலாந்து மக்கள் முறையிட்ட அளவு ஹெக்டேருக்கு 30. நம் சிற்றூர்க் குடியிருப்பில் 54. அங்கே ஒரு வீட்டின் பங்கு, பாதையையும் சேர்த்து, 8 சென்ட்டுக்கும் மேல். இங்கே மனை 3 சென்ட். பாதையின் பங்கைச் சேர்த்தாலும் நாலரை சென்ட். வயல்களால் சூழப்பட்ட ஊரில், வானம் பரந்து கிடக்கும் இடத்தில், நாம் நகரத்தினும் நெருக்கமாக ஏழைகளைக் குடிவைத்திருக்கிறோம்.

முற்றம் என்பது வீண் நிலமா?

நகரத்தில் ஒரு வீட்டுக்கு வேண்டியன பல வீட்டிற்கு வெளியே உள்ளன. குடிநீர் குழாய் வழி வருகிறது. கழிவு நீர் குழாய் வழிப் போகிறது. பால் கடையிலிருந்து வருகிறது. பிழைப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆதலின் நெருங்கி வாழ்வது அங்கே இயலும்.

சிற்றூரிலோ இவை யாவும் மனைக்குள்ளேயே அடங்க வேண்டும். ஆடு கட்ட இடம் வேண்டும். மாட்டுக்குத் தொழுவமும் வைக்கோற்போருக்கு ஒரு மூலையும் வேண்டும். நெல்லும் மிளகாயும் உலர்த்தக் களம் வேண்டும். விறகு அடுக்க வேண்டும். மீனவர் ஊராயின் வலை காயவும் வலை பின்னவும் இடம் வேண்டும். முருங்கையும் வாழையும் நிற்கும் கொல்லைப்புறம் ஏழைக்குப் பாதிக் காய்கறிக் கடை. முற்றம் சும்மா கிடக்கும் நிலம் என்று நகரத்து மேசையில் அமர்ந்திருப்பவர்க்குத் தோன்றலாம்; ஊர்ப் பெண்களைக் கேட்டால் அதன் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வேலை உண்டென்று கூறுவார்கள்.

அரசின் திட்டங்களில் கட்டப்படும் வீட்டின் அளவு மெல்ல வளர்ந்தே வந்திருக்கிறது. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் 300 சதுர அடி. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் வீடு வளர்ந்த அளவுக்கு மனை வளரவில்லை. மேலே எழுப்பிக் கட்டலாமே என்பார் உளர். அதற்கேற்ற அடித்தளம் முதலிலேயே இடப்பட்டிருக்க வேண்டும், இடப்படுவதில்லை. தவிர, ஆட்டையும் மாட்டையும் மாடிக்கு ஏற்றவா முடியும்?

எல்லாவற்றினும் முக்கியமானது நீரும் கழிவும். கழிப்பறைக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே உள்ள தொலைவு மண்ணின் தன்மைக்கேற்ப மாறும் எனினும், 10 மீட்டருக்குக் குறையாதிருத்தல் நலம் என்பது பொதுவான அறிவுரை. மணற்பாங்கான இடத்தில் அதற்கும் மேலே வேண்டும். நம் 3 சென்ட் மனையின் அகலமே 9 மீட்டர்தான்! ஒவ்வொரு மனையிலும் ஒரு கிணறு, ஒவ்வொரு மனையிலும் ஒரு குழி என்றால் எப்பக்கம் தோண்டினும் யாருடைய நீரேனும் கெடும். 2014-க்குப் பின் கழிப்பறைகள் ஊரூராகப் பெருகின. அது நற்செயலே, பெண்களின் மானத்தையும் உடல்நலத்தையும் காத்த செயல். ஆயினும் மனைகள் அளக்கப்பட்ட நாளில் இக்குழிகளை யாரும் கணக்கிட்டிருக்கவில்லை. நான் கண்ட இரு குடும்பங்களின் பகைக்கும் மூலம் இதுவே.

பரந்து கட்டுவதே விடையா?

அப்படியானால் ஒவ்வொரு குடும்பத்திற்கும் பெரிய மனையாகக் கொடுத்துவிட்டால் போதுமே என்று சிலர் கூறலாம். அண்டை மாநிலமான கேரளம் ஏறத்தாழ இவ்வழியில் சென்றது. அங்கு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த ஏழைகள் தம் குடியிருப்பை ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரத்தில் 3 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை பெற்றனர். நம் ஊர்ப்புற அளவு அவர்களுடைய மாநகர அளவு என்பதை நோக்குக. அந்தப் பத்து சென்ட் நிலத்தில் தென்னையும் மிளகுக்கொடியும் வளர்ந்தன. கிணற்றுக்கும் குழிக்கும் இடைவெளி கிடைத்தது. அடிமைபோல் வாழ்ந்தவன் நிமிர்ந்து நின்றான்.

ஆயினும் அங்கே ஊர் எங்கு முடிகிறது, அடுத்த ஊர் எங்கு தொடங்குகிறது என்பது தெரியாத அளவிற்கு வீடுகள் பரவியுள்ளன. 1970-களின் நடுவில் 8 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்டிருந்த நெல் சாகுபடிப் பரப்பு, பின்னர் 2 லட்சம் அளவுக்குச் சுருங்கியது. இரப்பரும் தென்னையும் பிற பயிர்களும் இதற்குக் காரணமாயினும், வீட்டுமனைகளுக்கும் இதில் பங்குண்டு. அதனால் 2008-இல் நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. வேறு நிலமற்றவர் தாம் குடியிருக்க வீடு கட்டுவதற்கு மட்டும் ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை வயலைப் பயன்படுத்த அனுமதி கோரலாம் என்று அது வரம்பிட்டது. ஏழையின் கூரையும் வேண்டும், ஊரின் சோறும் வேண்டும் என்னும் இரண்டையும் ஒரு தராசில் நிறுத்த முயன்ற சட்டம் அது.

நம் மாநிலத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. நெடுஞ்சாலை ஓரமாகப் பயணம் செய்தவர்கள் கண்டிருப்பீர்கள். நேற்றுவரை பயிர் நின்ற இடத்தில் வண்ணம் பூசிய கற்கள் வரிசையாக நிற்கும், கொடிகள் பறக்கும், நுழைவாயிலில் வளைவு இருக்கும். மனைகள் விற்றுப்போயிருக்கும். ஆனால் வீடு ஒன்றும் இராது. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு கடந்தும் வேலிக்காத்தான் மட்டுமே குடியிருக்கும். முறையான அனுமதியின்றி இவ்வாறு பிரிக்கப்பட்ட மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் 2017-இல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளை வகுத்தது. 2019-இல் ஊராட்சிகட்கும் நகரங்கட்கும் பொதுவாக ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் வந்தன.

ஒரே ஊராட்சியின் எல்லைக்குள் ஒருபுறம் ஏக்கருக்கு 22 வீடுகளில் ஏழைகள் மூச்சுத் திணறுகிறார்கள். மறுபுறம் ஏக்கர் ஏக்கராக மனைகள் ஆளற்றுக் கிடக்கின்றன. வரைபடத்தில் இரண்டும் "குடியிருப்பு" என்றே குறிக்கப்படும். கற்களை எண்ணும் கணக்கில் இரண்டும் ஒன்று. மனிதர்களை எண்ணினால் அல்லவா உண்மை தெரியும்!

நெருக்கத்தின் பழைய வேர்

இந்நெருக்கம் நேற்று முளைத்ததன்று. நம் ஊர்கள் பழங்காலந்தொட்டே நெருங்கி அமைந்தவை. வயலைக் காக்க மேட்டில் நத்தம் வகுத்து ஒன்றாகக் குடியேறினார்கள். அதில் ஓர் அறிவு இருந்தது. ஆனால் அதே அமைப்பில் ஓர் அநீதியும் இருந்தது. ஊர் ஒருபுறம், சேரி மறுபுறம். ஊர் தன் தேவைக்கேற்ப விரிந்தது. சேரியைச் சுற்றியிருந்த வயல்களோ பிறர் உடைமை. அது விரிய வழியில்லை. மக்கள் பெருகப் பெருகக் குடிசைக்குள் குடிசை எழுந்தது.

அரசு இதற்கு மருந்து தேடாமல் இல்லை. நிலவுடைமையாளர் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளர்க்கு அம்மனையையே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971-இல் வந்தது. ஆதிதிராவிடர் நலத்திற்காக நிலம் கையகப்படுத்தும் தனிச்சட்டம் 1978-இல் வந்தது. பல சாதியாரும் அடுத்தடுத்து வாழும்படி நூறு வீடுகள் கொண்ட சமத்துவபுரங்கள் 1997 முதல் எழுந்தன. இவற்றால் பலர் வாழ்வு பெற்றனர். எனினும் ஒருமுறை அளந்து கொடுத்த மனையில் மூன்றாம் தலைமுறைக்கும் இடம் உண்டா என்னும் கேள்விக்கு இவற்றுள் எதுவும் விடை கூறவில்லை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. இன்று இரு மகன்களுக்குத் திருமணமானால் அந்த 3 சென்ட் ஒன்றரை ஒன்றரையாகப் பிரிகிறது. நடுவே ஒரு சுவர். சுவரின் இருபுறமும் மருமகள்கள். மாமியார் எந்தப் பக்கம் படுப்பது என்பதே வழக்கு. குடும்பச் சண்டை என்று நாம் பெயரிடும் பலவற்றின் உள்ளே நிலத்தின் நெருக்கடி ஒளிந்திருக்கிறது. குணத்தைக் கண்டிக்குமுன் இடத்தை அளந்து பார்ப்பது அறிவுடைமை.

நாம் செய்யத்தக்கவை

நகரத்து எண்ணை அப்படியே சிற்றூர்மேல் சுமத்துவதும் தவறு. சிற்றூர்தானே என்று எண்ணே இன்றி விட்டுவிடுவதும் தவறு. நிலத்தடி நீரையும் மண்ணையும் முதலில் பார்த்து, பின்னர் மனைக்கல் நடவேண்டும். பொதுக் குடிநீரும் பொதுக் கழிவு வழியும் உள்ள இடத்தில் நெருங்கிக் கட்டலாம். இல்லாத இடத்தில் மனை அகல வேண்டும். தொழுவம், களம், வைக்கோற்போர் ஆகியவற்றுக்கு வீடுதோறும் இடம் தர இயலாவிடில், சில வீடுகளுக்குப் பொதுவாக ஓரிடம் ஒதுக்கலாம். புதிய மனைகள் ஊரோடு ஒட்டி அமைய வேண்டும். நஞ்சையின் நடுவிலோ ஊருக்கு அப்பால் தனித்தோ அமையலாகாது. அடுத்த தலைமுறைக்கென்று பக்கத்திலேயே ஒரு பகுதியைக் கட்டாமல் காத்து வைக்க வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை என்று கைகழுவிவிட வேண்டா. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள், உள்ளாட்சி நாள் ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூட வேண்டும் என்பது நம் மாநிலத்தின் ஏற்பாடு. அங்கே சென்று, எந்தப் புறம்போக்கு எதற்கென ஒதுக்கப்படுகிறது என்று கேட்பது நம் உரிமை. குறிப்பாகப் பெண்கள் கேட்க வேண்டும். முற்றத்தின் பயனை அறிந்தவர்கள் அவர்களே. சேமிப்பைக் கொண்டு மனை வாங்குவோர் அனுமதி பெற்ற மனைப்பிரிவுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். "பின்னால் விலை ஏறும்" என்னும் ஒரே எண்ணத்தில் விளைநிலத்தைக் கல் நட்டுக் கிடத்துவது நம் பிள்ளைகளின் உணவுத் தட்டில் கைவைப்பதாகும் என்பதையும் எண்ண வேண்டும். வீடு கட்டுவோர் தம் குழியைத் தோண்டுமுன் அடுத்த வீட்டாரை அழைத்து, "உங்கள் கிணறு எங்கே இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாதிப் பகை பிறவாமலே போகும்.

அந்தப் பாட்டிக்கு நான் பின்னர் கடிதம் எழுதினேன். குற்றம் உங்களில் ஒருவருடையதும் அன்று. அளந்தவர்கள் உங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்திவிட்டார்கள் என்று எழுதினேன். அவருடைய பேரன் விடை எழுதியிருக்கிறான். அத்தெருவின் எட்டு வீட்டாரும் ஒன்றுகூடிப் பேசினார்களாம். ஆழம் குறைந்த கிணற்று நீரைக் குடிப்பதில்லை என்றும், தெருமுனைக் குழாய் நீரையே குடிக்கவும் சமைக்கவும் கொள்வதென்றும் முடிவு செய்திருக்கிறார்கள். குடியிருப்பை ஒட்டிக் கிடக்கும் புறம்போக்கில் மாட்டுத்தொழுவத்திற்கும் களத்திற்கும் பொதுவாக இடம் ஒதுக்குமாறு அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் மனு அளித்திருக்கிறார்கள். மனுவின் முடிவு இன்னும் தெரியவில்லை.

கடிதத்தின் இறுதியில் ஒரு வரி: "அத்தை வீட்டிலிருந்து நேற்றுக் குழம்பு வந்தது, பாட்டி வாங்கிக்கொண்டார்கள்."

திருமணச் செய்தியும் விரைவில் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். வந்தால், அந்த இளந்தம்பதியர் எங்கே குடியிருப்பார்கள் என்பதே என் அடுத்த கேள்வி. அக்கேள்விக்கு விடை தேட வேண்டியவர்கள் அவ்விரு வீட்டார் மட்டும் அல்லர், நாம் அனைவருமே.